மின்கம்பியில் யார் அது?



மாலையில் பள்ளி மணி அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடி வருவீர்கள். அப்போது தெருவோரத்து மின்கம்பியை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். காகம் இருக்கும். மைனா இருக்கும். புறா இருக்கும். எல்லாம் உங்களுக்குப் பழகிய முகங்கள்தான்.

ஆனால் ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் சமயத்தில் புதிதாக ஒரு கூட்டம் வந்து சேரும். எல்லாம் சின்னஞ்சிறு பறவைகள். கம்பியில் சற்று இடைவெளி விட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். திடீரென்று ஒன்று கிளம்பும். அதன் பின்னாலேயே நாலைந்து கிளம்பும். வயலுக்கு மேலே வளைந்து நெளிந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடியும் கம்பிக்கே வந்து உட்காரும்.

“யார் மாமா அது?” என்று கேட்கிறீர்களா? சபாஷ்! காகத்தையும் மைனாவையும் தாண்டி, புதிதாக வந்தவரைக் கவனித்தீர்களே, அதுவே பெரிய விஷயம்.

அவர் பெயர் தகைவிலான். நம் புதுச்சேரிக்கு ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி. அறிவியலார் அதை ‘ஹிருண்டோ ரஸ்டிகா’ என்பார்கள். ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வைத்த பெயர் அது.

பெயரைத் தெரிந்துகொண்டால் போதுமா? அது தகைவிலான்தான் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடிய வேண்டும். அதைத்தான் இன்று கற்றுக்கொள்ளப் போகிறோம்.

முதலில் உருவம்

உங்கள் பெட்டியில் இருக்கும் அளவுகோலை எடுங்கள். அது 15 செ.மீ. நீளம். தகைவிலான் அதைவிடக் கொஞ்சம் நீளம். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 17 முதல் 19 செ.மீ. இருக்கும். அதிலும் வாலே நல்ல நீளம். வாலைக் கழித்துவிட்டால் உடம்பு மிகவும் சிறியது.

எடை? சுமார் 20 கிராம். கால் கிலோ மாம்பழம் ஒன்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறுதட்டில் பன்னிரண்டு தகைவிலான்களை உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் தராசு நேராக நிற்கும்!

இப்போது நிறம். கம்பிக்கு நேர் கீழே நின்று பார்க்காதீர்கள். வயிறு மட்டும்தான் தெரியும். சற்றுத் தள்ளி நின்று, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி பாருங்கள்.

முதுகு கருநீலம். நிழலில் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டால் நீலம் மினுங்கும்.

நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம்.

அந்தச் செங்கல் நிறத்துக்குக் கீழே மார்பின் குறுக்கே ஒரு கருநீலப் பட்டை. அதற்கும் கீழே வயிறெல்லாம் வெண்மை.

வால் இரண்டாகப் பிளந்திருக்கும். இரு ஓரத்து இறகுகளும் மெலிந்து நீண்டு கம்பிபோல் முடியும். பறக்கும்போது வாலை விரித்துத் திரும்பினால் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசையாகத் தெரியும்.

எத்தனை அடையாளம் சொன்னேன்? நீல முதுகு, செங்கல் தொண்டை, மார்புப் பட்டை, பிளந்த வால். நான்கு. விரல் விட்டு எண்ணிக்கொண்டீர்களா? நல்லது.

நீள வாலைக் காணோமே?

இனிமேல்தான் வேடிக்கை. நீங்கள் மார்கழி மாதம் ஒரு நாள் காலையில் ஊசுட்டேரிக் கரைக்குப் போகிறீர்கள். கம்பியில் இருபது பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள். ஒன்றுக்கு நீள வால் இல்லை. இன்னொன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் நீளம். மற்றொன்றின் தொண்டை செங்கல் நிறமாக இல்லாமல் வெளிறிப் போயிருக்கிறது. மார்புப் பட்டையும் மங்கல்.

“மாமா சொன்னது தப்பு போலிருக்கிறதே!” என்று நினைப்பீர்கள்.

இல்லை, செல்லங்களே. இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, கூட்டத்தில் குஞ்சுகளும் உண்டு. சில மாதங்களுக்கு முன்புதான் பிறந்தவை அவை. குஞ்சுக்கு வால் குட்டை. முகமும் தொண்டையும் வெளிர் நிறம்.

இரண்டு, பெரிய பறவைகள் இங்கே வந்துதான் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்த்துக்கொள்ளும். எல்லா இறகும் ஒரே நாளில் உதிர்ந்தால் பறக்க முடியுமா? முடியாது அல்லவா? அதனால் ஒன்றிரண்டாக உதிரும். ஒன்று வளர்ந்த பிறகு அடுத்தது விழும். இது மாதக்கணக்கில் நடக்கும். வாலின் நீள இறகு உதிர்ந்த சமயத்தில் நீங்கள் பார்த்தால், அது குட்டைவால் பறவையாகத்தான் தெரியும். அதே பறவையைப் பங்குனியில் பார்த்தால் புத்தம்புது நீள வாலோடு இருக்கும்.

ஆக, உருவத்தை மட்டும் நம்பினால் சில சமயம் ஏமாந்துபோவோம். பின்னே எதை நம்புவது? அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கே உட்காருகிறது? எப்படிப் பறக்கிறது? எப்படிக் குடிக்கிறது? இறகு மாறும், நிறம் மங்கும். பழக்கம் அவ்வளவு எளிதில் மாறாது.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாருங்கள், மேலே போவோம்.

உழவாரனா? கரிச்சானா?

தகைவிலானைப் போலவே தோன்றும் பறவைகள் நம் ஊரில் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதுதான் உங்களுக்குத் தேர்வு.

முதல் ஆள் உழவாரன். புதுச்சேரியைச் சுற்றிப் பனைமரங்கள் நிறைய இருக்கின்றன அல்லவா? அவற்றைச் சுற்றி மெலிந்த பழுப்புப் பறவைகள் கீச்சிட்டுக்கொண்டு பறக்கும். அது பனை உழவாரன். தொங்கும் பனையோலையின் உட்புறத்தில், தன் எச்சிலாலேயே இறகுத் துணுக்குகளை ஒட்டிக் கூடு கட்டும் கெட்டிக்காரப் பறவை. பழைய கட்டடங்களின் வளைவுகளுக்குக் கீழே கூட்டமாகக் கூடு கட்டுவது நாட்டு உழவாரன். அதற்குக் கறுப்பு உடம்பு, இடுப்பில் வெள்ளைப் பட்டை.

தகைவிலானும் உழவாரனும் பறந்தபடியே பூச்சி பிடிப்பவை. இரண்டுக்கும் நீண்ட கூர்மையான இறக்கை. எப்படி வேறுபடுத்துவது?

கம்பியைப் பாருங்கள்! உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது. அதன் கால் விரல்கள் கம்பியைச் சுற்றிப் பிடிக்க ஏற்றவை அல்ல. சுவரையோ ஓலையையோ பற்றிக்கொண்டு தொங்கத்தான் அதற்குத் தெரியும். தகைவிலானுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒரு விரல். கம்பியைக் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கம்பியில் உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை. எவ்வளவு எளிது பாருங்கள்!

அடுத்த ஆள் கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வோம். இதற்கும் வால் பிளந்திருக்கும். கம்பியிலும் உட்காரும். ஆனால் உடம்பு முழுக்கக் கறுப்பு. தகைவிலானைவிடப் பெரியது. கூட்டமாக இராமல் பெரும்பாலும் தனியாக உட்கார்ந்திருக்கும். ஒரு பூச்சியைப் பார்த்ததும் பாய்ந்து பிடித்துவிட்டு, உடனே உட்கார்ந்த இடத்துக்குத் திரும்பிவிடும். தகைவிலான் அப்படியல்ல. பறக்கத் தொடங்கினால் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டே பிடிக்கும், தின்னும்.

மூன்றாவது ஆள்தான் கொஞ்சம் கடினம். தகைவிலானுக்கு இங்கேயே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். செம்பிட்டத் தகைவிலானுக்கு இடுப்புப் பகுதி செந்நிறம். வயிற்றில் மெல்லிய கோடுகள் ஓடும். மார்பில் பட்டை கிடையாது. கம்பிவால் தகைவிலானுக்குத் தலையில் செந்நிறத் தொப்பி. தொண்டையிலிருந்து வயிறுவரை பளிச்சென்ற வெள்ளை. வாலில் இரண்டு மெல்லிய கம்பிகள். இது தண்ணீர் உள்ள இடத்தை விட்டு அதிகம் விலகாது.

குழப்பமாக இருக்கிறதா? பரவாயில்லை. முதல் நாளே எல்லாம் வந்துவிடாது. இப்போதைக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தொண்டை செங்கல் நிறமாக இருந்து, அதற்குக் கீழே கரும்பட்டையும் இருந்தால் அது நம் விருந்தாளி.

பறந்தபடியே சாப்பாடு

தகைவிலானின் அலகைப் பார்த்தால் மிகச் சிறியதாக இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் நல்ல அகலம். எதிரே வரும் ஈ, வண்டு, சிறகு முளைத்த எறும்பு எல்லாம் நேராக அதற்குள் போய்விடும். பெரும்பாலும் தரைக்கும் தண்ணீருக்கும் மேலே சில மீட்டர் உயரத்தில்தான் பறக்கும். மாடு மேயும் இடத்திலும், வயலில் ஏர் ஓட்டும் இடத்திலும் அதைப் பார்க்கலாம். மாடும் ஏரும் பூச்சிகளைக் கிளப்பிவிடும் அல்லவா? அதற்காகத்தான் பின்னாலேயே வரும்.

“தட்டான் தாழப் பறந்தால் மழை” என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காற்றும் ஈரமும் மாறும்போது சிறு பூச்சிகள் தாழ இறங்கும். அவற்றைத் தின்பவையும் இறங்கித்தானே ஆக வேண்டும்? மேகம் மூடிய நாளில் தகைவிலானும் தாழ்வாகப் பறக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். ஐப்பசி மழை விட்டதும் ஈசல் கிளம்பும் நாளில், தகைவிலான்களுக்கு விருந்துதான்!

“கொசுவைத் தின்னுமா மாமா?” என்று ஒரு தங்கை கேட்பது காதில் விழுகிறது. வாயில் அகப்பட்டால் தின்னும். ஆனால் கொசுவைவிடப் பெரிய ஈக்களும் வண்டுகளும்தான் அதற்குப் பிடித்தவை. ஒரு கொசுவைத் துரத்திப் பிடிக்கச் செலவழிக்கும் பலத்துக்கு, ஒரு பெரிய ஈயைப் பிடித்தால் அதிகச் சாப்பாடு கிடைக்குமே! அதனால் வீட்டில் கொசுவலையை எடுத்து வைத்துவிடாதீர்கள்.

தண்ணீர் குடிப்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பாகூர் ஏரியோ ஊசுட்டேரியோ, எதன் கரையிலாவது காலையில் சற்று நேரம் நில்லுங்கள். தகைவிலான் தண்ணீரை நோக்கிச் சரிந்து வரும். இறக்கைகளை மேலே தூக்கிக்கொள்ளும். கீழ் அலகு மட்டும் தண்ணீரைத் தொடும். ஒரு மெல்லிய கோடு நீரில் விழும். அடுத்த நொடி பறவை மேலே ஏறிவிடும். கோடு மட்டும் சிற்றலையாக விரியும். குளியலும் இப்படித்தான். பறந்துவந்து உடம்பைத் தண்ணீரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மேலே போய் உதறிக்கொள்ளும்.

சாப்பாடு, தண்ணீர், குளியல் எல்லாம் பறந்தபடியே. அப்படியானால் கம்பியில் உட்கார்ந்து என்ன செய்கிறது? உற்றுப் பாருங்கள். அலகால் இறகுகளைக் கோதிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் இறகாக இழுத்து நேராக்கும். நாளெல்லாம் பறப்பவருக்கு இறகுதானே முதல்? அதைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உங்களுக்கு வரும். மின்கம்பியில் உட்கார்ந்தால் ஷாக் அடிக்காதா? பறவையின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. அதன் உடம்பு தரையையோ வேறு கம்பியையோ தொடவில்லை. அதனால் மின்சாரம் அதன் உடம்பு வழியாகப் பாய வழியில்லை. நாம் தரையில் நிற்பவர்கள். நம் உடம்பு வழியாகத் தரைக்குப் பாய்ந்துவிடும். ஆகவே அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கமே போகக் கூடாது. தெரிந்ததா?

பொழுது சாய்ந்ததும் பல இடங்களிலிருந்து தகைவிலான்கள் ஒன்றுகூடும். நாணல் புதரிலோ, கரும்புத் தோட்டத்திலோ, மரங்களிலோ, கம்பிகளிலோ கூட்டமாகத் தங்கி இரவைக் கழிக்கும்.

வீடு எங்கே?

புதுச்சேரியில் தகைவிலான் ஆறேழு மாதம் இருக்கும். ஆனால் அதன் கூட்டை இங்கே தேடினால் கிடைக்காது. பாலத்துக்கு அடியில் மண்ணால் செய்த கூஜா வடிவக் கூடு ஒன்றைக் கண்டால், அது நான் முன்பு சொன்ன செம்பிட்டத் தகைவிலானுடையது. அது உள்ளூர்வாசி.

நம் விருந்தாளி கூடு கட்டுவது வடக்கே. இமயமலைப் பகுதிகளிலும், அதற்கும் அப்பால் ஆசியாவின் குளிர் நாடுகளிலும் அதன் கூடுகள் உண்டு. காஷ்மீரின் ஸ்ரீநகரில் கடைகளுக்குள்ளேயே வந்து கூரைச் சட்டத்தில் கூடு கட்டும். புதுச்சேரியிலிருந்து ஸ்ரீநகர் நேர்கோட்டில் சுமார் 2,500 கி.மீ. தூரம். அதைவிடத் தொலைவிலிருந்து வருபவையும் உண்டு.

கூடு எப்படி இருக்கும்? பாதிக் கிண்ணம் மாதிரி. ஈரமண்ணைச் சிறு உருண்டையாக அலகில் எடுத்து வரும். சுவரில் ஒட்டும். இடையிடையே புல்லை வைத்துப் பிணைக்கும். ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான உருண்டைகள் வேண்டும். உள்ளே மெத்தென்று இறகு பரப்பும். செம்புள்ளிகள் உள்ள வெள்ளை முட்டைகள் நான்கோ ஐந்தோ இடும். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். இன்னும் மூன்று வாரத்தில் குஞ்சு பறந்துவிடும்.

அந்த நீள வால் எதற்கு என்று ஓர் அறிஞர் யோசித்தார். டென்மார்க் நாட்டுக்காரர், பெயர் ஆண்டர்ஸ் மோலர். அவர் என்ன செய்தார் தெரியுமா? சில ஆண் பறவைகளின் வாலை வெட்டிக் குட்டையாக்கினார். வெட்டிய துண்டை வேறு சில ஆண்களின் வாலில் ஒட்டி நீளமாக்கினார். இன்னும் சிலவற்றின் வாலை வெட்டி, அதே நீளத்துக்குத் திரும்ப ஒட்டிவிட்டார். கடைசியில் செய்தது ஏன்? கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள்.

கண்டுபிடித்தீர்களா? வெட்டி ஒட்டுவதாலேயே ஏதாவது மாற்றம் வருகிறதா என்று பார்க்கத்தான்! நல்ல சோதனை என்றால் இப்படி ஓர் ஒப்பீடு இருக்க வேண்டும். முடிவு என்ன? நீள வால் ஆண்களுக்கே முதலில் ஜோடி கிடைத்தது. 1988ஆம் ஆண்டில் அவர் இதை உலகுக்குச் சொன்னார். நம் ஊரில் மாதக்கணக்கில் மெல்ல வளர்கிற அந்த இறகுக்கு வடக்கே எவ்வளவு மதிப்பு, பார்த்தீர்களா?

ஏன் வருகிறது? ஏன் போகிறது?

குளிருக்குப் பயந்து ஓடி வருகிறது என்று நினைப்போம். அது பாதிதான் சரி. குளிர் வந்தால் அங்கே பறக்கும் பூச்சிகள் இல்லாமல் போய்விடும். தகைவிலானுக்குத் தானியம் தின்னத் தெரியாது. பூச்சி இல்லையென்றால் பட்டினி. அதனால் பூச்சி இருக்கும் தெற்கு நோக்கிக் கிளம்புகிறது.

அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே? இங்கே ஆண்டு முழுக்கப் பூச்சி உண்டே! நல்ல கேள்வி. கோடையில் வடக்கே பகல் மிக நீளம். பூச்சிகளும் ஏராளம். விடியற்காலை முதல் இருட்டும்வரை குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கலாம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை ஊட்ட வேண்டியிருக்கும். அதற்கு நீண்ட பகல் உதவும். ஆகவே பங்குனி, சித்திரையில் புதிய வாலோடு கிளம்பிப் போய்விடும்.

பறவைகள் வழி கண்டுபிடிக்கச் சூரியன் உதவுகிறது. பூமியின் காந்தப் புலத்தையும் அவற்றால் உணர முடியும். தகைவிலான் பகலில் பயணம் செய்யும். போகிற வழியிலேயே பூச்சி பிடித்துத் தின்றுகொள்ளும். கட்டுச்சோறு தேவையில்லை!

பாரிஸ் அத்தை பார்த்த பறவை

புதுச்சேரிக் குழந்தைகளுக்கு மட்டும் ஒரு சிறப்புக் கேள்வி. உங்களில் பலருக்குப் பிரான்சில் மாமாவோ அத்தையோ இருப்பார்கள். பிரெஞ்சு ஆட்சி 1954இல் நம் ஊரை விட்டுப் போனாலும் அந்த உறவு போகவில்லை. கோடையில் அத்தை ஒரு படம் அனுப்புகிறார். பார்த்தால், அதே நீல முதுகு, அதே செங்கல் தொண்டை. தகைவிலான்! பிரான்சில் கோடையில் பார்த்த அதே பறவைதான் புரட்டாசியில் புதுச்சேரிக்கு வருகிறதா?

ஆமாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இல்லை. இனம் ஒன்றுதான். ஆனால் பிரான்சில் பிறந்த தகைவிலான் தெற்கே மத்தியதரைக் கடலைத் தாண்டி, சகாரா பாலைவனத்தைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகும். நம் ஊருக்கு வருவது ஆசியாவில் பிறந்தது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? அதுவும் ஒரு கதை.

முன்காலத்தில் ஐரோப்பியர்களுக்கு இந்தப் பறவை குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த பாதிரியார் ஓலாஸ் மாக்னஸ், 1555இல் வெளியிட்ட நூலில், அவை ஏரித் தண்ணீருக்கு அடியில் போய்த் தூங்குகின்றன என்று எழுதினார். மீனவர் வலையில் பறவைகள் அகப்படுவது போன்ற படம்கூட அதில் உண்டு! சிரிக்காதீர்கள். பறவைகள் ஏரிக்கரை நாணலில் கூடுகின்றன. சில நாளில் ஒன்றையும் காணோம். தண்ணீருக்குள்தான் போயிருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். பார்த்தது சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

பிறகு ஓர் எளிய வழி வந்தது. பறவையின் காலில் மெல்லிய உலோக வளையம் ஒன்றை மாட்டினார்கள். அதில் ஓர் எண்ணும் முகவரியும் இருக்கும். 1911ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர், தம் வீட்டில் கூடு கட்டிய தகைவிலானுக்கு ஒரு வளையம் மாட்டினார். அடுத்த ஆண்டு, 1912 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் அந்தப் பறவை அகப்பட்டது. வளையத்தில் இருந்த லண்டன் முகவரிக்கு அங்கிருந்து கடிதம் போனது. பூமியின் வடபாதியிலிருந்து தென்பாதிவரை அந்தச் சின்னப் பறவை பறந்திருக்கிறது! தண்ணீருக்கு அடியில் தூங்கவே இல்லை!

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால், 1960களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் வளையம் மாட்டத் தொடங்கியது. நமக்குத் தெற்கே இருக்கும் கோடியக்கரையும் அதற்கு முக்கியமான இடம். எப்போதாவது வளையம் மாட்டிய பறவை ஒன்றைக் கண்டால், அதைப் பிடிக்கவோ துரத்தவோ வேண்டாம். எண் தெரிந்தால் குறித்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் வேலை

ஒரு பழைய நோட்டை எடுங்கள். நான்கு பத்தி போடுங்கள். தேதி, இடம், எத்தனை பறவை, என்ன செய்துகொண்டிருந்தது. இந்த நான்காவது பத்திதான் முக்கியம். ‘கம்பியில் இருந்தது’, ‘இறகு கோதியது’, ‘ஏரியில் தாழப் பறந்து குடித்தது’ என்று நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு வையுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். கேள்விக்குறி போடத் தெரிந்த நோட்டுத்தான் நல்ல நோட்டு.

கூட்டத்தில் நீள வால் எத்தனைக்கு, குட்டை வால் எத்தனைக்கு என்று மாதம் ஒரு முறை எண்ணுங்கள். மார்கழிக்கும் பங்குனிக்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் நோட்டே சொல்லும்.

பொங்கலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டை மாடியோ, வயலோ, ஏரிக்கரையோ, ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ‘இபேர்ட்’ தளத்தில் பதிய வேண்டும். அப்பா, அம்மா அல்லது ஆசிரியர் உதவியோடு நீங்களும் பங்கெடுக்கலாம். கட்டணம் கிடையாது. பொங்கல் சாப்பிட்ட கையோடு மொட்டை மாடிக்குப் போனால் போதும்!

கடைசியாக ஒரு பந்தயம். இந்த ஆண்டு உங்கள் தெருவுக்கு முதல் தகைவிலான் எந்தத் தேதியில் வருகிறது? சித்திரையில் கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தீர்கள்? இரண்டையும் குறித்து, பக்கத்துத் தெரு நண்பரின் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முந்திப் பார்த்தவர் யாரோ, அவருக்கு மற்றவர் ஒரு கடலை மிட்டாய் வாங்கித் தர வேண்டும். சரிதானே?

அன்புடன்,
உங்கள் அறிவியல் மாமா